தோன்றா எழுவாய்

மழைக்காலத்தில் தெருவுக்குத் தெரு ஒட்டப்படும் அறிவிப்பு ஒன்று உண்டு: ‘குடிநீரைக் காய்ச்சிப் பருகவும்.’ இலக்கண வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, எழுவாய் எங்கே என்று கேட்பேன். ‘தோன்றா எழுவாய், மேம்’ என்பார்கள். பருகுவது யார்? ‘வீட்ல எல்லாரும்.’ காய்ச்சுவது? ‘அம்மா.’

‘காய்ச்சி’ என்பது ‘செய்து’ வாய்பாட்டு வினையெச்சம். எச்சத்துக்கும் முற்றுக்கும் வினைமுதல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. அதாவது, பருகுகிறவரே காய்ச்ச வேண்டும். நம் வீடுகள் இந்த விதியை நாள்தோறும் மீறுகின்றன. அறிவிப்பு எழுதியவருக்கும் அது தெரியும்.

காய்ச்சுவதை நான் குறை சொல்லவில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் காலராக் கிருமி சாகும். ஆனால் அதற்கான எரிவாயுவும் நேரமும் யார் கணக்கில் எழுதப்படுகின்றன?

நோய் பரவியதும் செய்தித்தாளில் வேறொரு வாக்கியம் வரும்: ‘குடிநீரில் கழிவுநீர் கலந்தது.’ இங்கே எழுவாய் கழிவுநீர். அது தானாக நடந்துவந்து கலந்ததுபோல் தன்வினை. சாக்கடையை ஒட்டிப் பதித்த குழாயில் விரிசல் விழுகிறது. தண்ணீர் விடாத நேரத்தில் அழுத்தம் குறைய, வெளியே தேங்கிய கழிவு உள்ளே இழுபடுகிறது. பதித்தவரும் பழுது பார்க்காதவரும் வாக்கியத்தில் இல்லை.

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான், தலித் குடும்பங்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கிடந்தது தெரிந்தது. ‘கலக்கப்பட்டது’ என்று எழுதினோம். செயப்பாட்டுவினையிலும் செய்தவர் ஒளிந்துகொள்ளலாம். அந்தத் தாய்மார்களிடம் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

என் மகளுக்கு மூன்று வயதில் வயிற்றுப்போக்கு வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலை இரவெல்லாம் கரண்டி கரண்டியாகப் புகட்டிவிட்டு, விடிந்ததும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கணவரும் பக்கத்தில்தான் நின்றார். மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: ‘தண்ணியக் காய்ச்சிக் கொடுத்தீங்களாம்மா?’ இரண்டு நாளாக வீட்டில் சிலிண்டர் இல்லை. நான் தலை குனிந்தேன். அறிவிப்பில் தோன்றாத எழுவாய், குற்றம் சாட்டும்போது மட்டும் தோன்றிவிடுகிறது.

இப்போது மாணவிகளிடம் இரண்டு வாக்கியங்களையும் எழுவாயோடு திருப்பி எழுதச் சொல்கிறேன். முதலாவதைச் சட்டென்று எழுதிவிடுவார்கள். இரண்டாவதில் பேனா நின்றுவிடும். தங்கள் தெருக் குழாய் யார் பொறுப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எழுதுங்கள் என்று அனுப்புகிறேன்.