திரைப்படமும் ஓர் உரைதான்

ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் மாணவியரில் பலர் ஜேன் ஆஸ்டினை முதலில் சந்திப்பது திரையில்தான். தேர்வு நெருங்கும், நாவலை முடிக்க நாள் போதாது, புரொஜெக்டர் வகுப்புக்கு வரும். இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த பெண்ணுக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில வாக்கியம் ஒரு மதில். படம் அதில் ஒரு வாசல். வாசலை அடைக்கச் சொல்லவில்லை. படம் பார்த்த பிறகு வகுப்பில் என்ன கேட்கிறோம் என்பதே என் கவலை. நாவல் சிறந்ததா, படம் சிறந்ததா என்ற வழக்கமான கேள்வியால் பெரிய பயன் எதுவும் இல்லை.

தமிழ் வகுப்பறைக்கு இதைவிட நல்ல பழக்கம் ஒன்று உண்டு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் ஓர் உரை சொல்வார், நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்வார். இரண்டையும் மூலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெண்ணைப் பற்றிக் குறள் சொன்னது எது, பரிமேலழகர் சேர்த்தது எது என்று பிரித்துப் படிக்கப் பெண்ணிய வாசிப்பு நம்மைப் பழக்கியிருக்கிறது. திரைப்படத்தையும் அப்படி ஓர் உரையாக எடுத்துக்கொண்டால், உரையாசிரியர் எதை விட்டார், எதைச் சேர்த்தார், யாருக்காக என்று கேட்க முடியும்.

1811இல் வெளியான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை எடுத்துக்கொள்வோம். இதற்கு நம் வகுப்பறைக்கு வசதியான இரண்டு உரைகள் உள்ளன: ஆங் லீ இயக்கி எம்மா தாம்ப்சன் திரைக்கதை எழுதிய 1995ஆம் ஆண்டின் ஆங்கிலப் படம், ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000). மூன்றிலும் கதை ஒரே இடத்தில் தொடங்குகிறது. ஒரு பெரியவர் இறக்கிறார். தாயும் மூன்று மகள்களும் வீட்டை இழக்கிறார்கள். ஏன் இழக்கிறார்கள் என்பதற்கு மட்டும் மூன்றும் மூன்று பதில் சொல்கின்றன.

நாவலில் அது ஒரு கிழவரின் விருப்பம். பல ஆண்டுகள் தன்னைக் கவனித்துக்கொண்ட பெண்களை விட்டுவிட்டு, எப்போதாவது வந்து போன நாலு வயதுப் பையனின் மழலையிலும் பிடிவாதத்திலும் கூச்சலிலும் மயங்கி, சொத்து அவனுக்கே போய்ச் சேரும்படி உயில் எழுதுகிறார். பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு. அவரைச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆஸ்டின் இதைக் குரல் உயர்த்தாமல் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆங்கிலப் படத்தில் இந்தக் கிழவரே இல்லை. வீடு அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது, அதுதான் சட்டம் என்று அக்கா எலினார் தங்கை மார்கரெட்டுக்கு விளக்குகிறாள். ஒரு மனிதரின் தேர்வு ஒரு காலத்தின் சட்டமாகிவிடுகிறது. பார்க்கும் மாணவி, அந்தக் காலம் அப்படி, நல்லவேளை நாம் அங்கே பிறக்கவில்லை என்று எழுந்து போய்விடலாம்.

தமிழ்ப் படத்தில் கிழவர் இருக்கிறார். தன் விருப்பப்படி மணம் செய்துகொண்ட மகள்மீது கோபம் கொண்டு, சொத்தை மகனுக்கு எழுதிவைத்தவர். பிறகு அவரைப் பராமரித்தவள் அந்த மகளேதான். உயிலை மாற்ற முடியாதபடி நோய் அவர் வாயையும் கையையும் கட்டிப்போடுகிறது. ஆஸ்டினிடம் இல்லாத ஒன்றை இந்த உரை துணிந்து சேர்த்திருக்கிறது: மகளின் காதலுக்குத் தண்டனையாக வரும் உயில். நம் ஊர் உண்மை அது. ஆனால் சேர்த்த கையோடு, பாவம், அவர் மாற்றத்தான் நினைத்தார் என்று நம்மை இரங்கவும் வைத்துவிடுகிறது.

ஆக, இரண்டு படங்களும் பெரியவரைக் காப்பாற்றுகின்றன. ஒன்று சட்டத்தைக் காட்டி, மற்றொன்று நோயைக் காட்டி. நாவல் அவரைக் காப்பாற்றவில்லை. அடுத்த தலைமுறையையும் அது விடுவதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அண்ணன் ஜான், தங்கைகளுக்கு மூவாயிரம் பவுண்டு கொடுக்க நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசப் பேச அது பாதியாகிறது, பிறகு தாய்க்கு ஆண்டுக்கு நூறு, பிறகு அவ்வப்போது ஐம்பது, கடைசியில் சாமான் ஏற்ற உதவியும் பருவத்துக்குக் கொஞ்சம் மீனும். ஆங் லீ இந்த உரையாடலைப் பயணக் காட்சியாக்கி நன்றாகவே எடுத்திருக்கிறார். அந்தச் சில நிமிடங்களைப் போட்டுவிட்டு அத்தியாயத்தை உரக்கப் படித்தால், மதிலாகத் தெரிந்த ஆங்கிலம் இறங்கிவரும். இந்தப் பேச்சை நம் வீட்டுக் கூடங்களில் கேட்காதவர் யார்?

படங்கள் தருவதையும் கணக்கில் வைக்க வேண்டும். தமிழ்ப் படத்தின் சௌம்யா வேலைக்குப் போகிறாள், மீனாட்சி பாடிச் சம்பாதிக்கிறாள். ஆஸ்டினின் பெண்களுக்கு அந்த வழி இல்லை. அதே சமயம், எலினாருக்கு நாவலில் வயது 19. திரையில் முப்பதைத் தாண்டிய தாம்ப்சனைப் பார்ப்பவர்கள், குடும்பத்தின் கணக்கையும் துக்கத்தையும் சுமப்பவள் தங்கள் வயதுப் பெண் என்பதை அறியாமலே போகிறார்கள்.

பெரியவரை ஏன் காப்பாற்றக் கூடாது என்று கேட்கலாம். 1989இல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்தி, இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் சம பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2000இல் வளர்ந்த மகள்களோடு நிற்கும் அந்தத் திரைத் தாய்க்கும் கிடைத்திருக்காது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனாலும் சுயசம்பாத்தியத்தை அப்பா யாருக்கும் எழுதலாம். உரிமையுள்ள பங்குக்கும் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பிக்காக அதில் கையெழுத்துப் போடும் சகோதரிகளை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை.

நம் மாணவியரில் பலருக்கு முன்னும் ஒருநாள் அந்தத் தாள் வைக்கப்படும். அப்போது இதைச் சட்டம் கேட்கிறதா, ஒரு மனிதர் கேட்கிறாரா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இரண்டு படங்களும் வேண்டும், நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களாவது வேண்டும்.