காணாத கீழைத்தேயம்: பிறைற்றன் அரண்மனை பற்றிய ஒரு நோக்கு

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிறைற்றன் நகரத்து 'றோயல் பவிலியன்' பொதுவாக ஓர் ஊதாரி இளவரசரின் விபரீத ஆசையின் விளைவாகவே வர்ணிக்கப்படுகின்றது. கட்டடக்கலையைத் தனிமனித இயல்பாகச் சுருக்கும் இந்நோக்கு, அக்கலை தோன்றிய சமூகச் சூழலை மறைத்துவிடுகின்றது.

1786 இல் இளவரசர் ஜோர்ஜ் வாடகைக்குப் பெற்ற பண்ணைவீட்டை, 1787 இல் ஹென்றி ஹொலண்ட் செந்நெறிப் பாணியில் விரிவாக்கினார். 1815 தொடக்கம் ஜோன் நாஷ் அதனைக் குவிமாடங்களும் மினாராக்களும் கொண்ட இந்தியத் தோற்றத்துக்கு மாற்றினார். உள்ளலங்காரமோ சீனப் பாணியில் அமைந்தது. நாஷ் இந்தியாவைக் கண்டவரல்லர். தோமஸ் டானியலும் வில்லியம் டானியலும் இந்தியப் பயணத்தின் பின் வெளியிட்ட ஓவியப் பதிப்புகளே அவருக்கு ஆதாரமாயின. முகலாயக் கலையும் சீனக் கலையும் பேதமின்றி ஒரே கூரையின் கீழ்க் கலக்கப்பட்டமை, கீழைத்தேயம் வாழும் பண்பாடுகளாகவன்றி நுகர்பொருளாகவே நோக்கப்பட்டதைக் காட்டுகின்றது.

எனினும், இதனை வெறும் போலியென ஒதுக்குதலும் பொருந்தாது. மையக் குவிமாடத்தைத் தாங்குவது இரும்புச் சட்டகமாகும். சமையற்கூடத்தின் இரும்புத் தூண்கள் செம்பாலான பனையோலைகளைச் சூடி நிற்கின்றன. இரும்பு மாடிப்படி மூங்கிலெனத் தோன்றுகின்றது. கைத்தொழிற் புரட்சியின் புதிய ஆற்றல் இங்கு கீழைத்தேய வேடம் பூண்டது. இக்கட்டடத்தின் கலைச்சிறப்பும் முரண்பாடும் இவ்விடத்திலேயே சந்திக்கின்றன.

விக்ரோறியா மகாராணி இவ்வரண்மனையை விரும்பவில்லை. 1850 இல் நகரமே அதனை 53,000 பவுணுக்கு வாங்கியது. 1914 டிசெம்பர் முதல் 1916 இன் தொடக்கம் வரை, மேற்குப் போர்முனையிற் காயமுற்ற இந்தியப் படையினரின் வைத்தியசாலையாக அது விளங்கிற்று. மத, சாதி வேறுபாடுகளுக்கமைய ஒன்பது சமையலறைகள் அமைக்கப்பட்டன. மன்னர் தம் மாளிகையையே படையினருக்கு விட்டுக்கொடுத்தார் எனவும் பிரசாரம் செய்யப்பட்டது. உண்மையில் அது அறுபதாண்டுகளுக்கு மேலாக நகரத்தின் சொத்தாக இருந்தது. கற்பனை இந்தியாவை உருவாக்கிய அதே மனப்பாங்கு, உண்மை இந்தியரை அதனுட் கிடத்தி, அதனையும் பேரரசின் கருணைக்குச் சான்றாக்கியது.

பிறைற்றன் வைத்தியசாலைகளில் இறந்த இந்து, சீக்கியப் படையினர் 53 பேர் நகருக்கப்பாலுள்ள குன்றில் தகனஞ் செய்யப்பட்டனர். அங்கு 1921 இல் எழுந்த 'சத்திரி' என்னும் நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவர், பம்பாயைச் சேர்ந்த ஈ. சி. ஹென்றிக்ஸ். அதன் வெண்குவிமாடம் அளவிற் சிறியது, அலங்காரமும் குறைந்தது. ஆயினும், அது யாருக்காக எழுந்தது என்பதில் ஐயமில்லை. பவிலியனின் வரலாற்றை எழுதுவோர் இளவரசரின் விருந்துகளோடு நின்றுவிடாது, இக்குன்றையும் அவ்வரலாற்றின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.