‘ரொம்ப ஹெவி’: ஓசூரில் ஒரு கூச்சி ப்ளூம்

வசந்தகாலத்துக்கு என்று பரிந்துரைக்கப்படும் பெர்ஃப்யூம்களின் மதிப்புரைகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: லைட். லைட் ஃப்ளோரல். ஆபீசுக்குப் போடலாம், யாரையும் தொந்தரவு செய்யாது, பக்கத்து சீட்காரருக்குத் தலைவலி வராது. ஒரு கவிதையைப் பற்றி ‘யாரையும் தொந்தரவு செய்யாது’ என்று எழுதினால் அந்தக் கவிஞர் நம்மிடம் பேசுவாரா? வாசனைக்கு மட்டும் அது எப்படிப் பாராட்டாகிறது என்று பார்க்கத்தான் பிப்ரவரி கடைசியிலிருந்து மூன்று வாரம் கூச்சி ப்ளூம் போட்டேன். முழு பாட்டில் நமக்குக் கட்டாது. ஆன்லைனில் வாங்கிய ஐந்து மில்லி டீகேன்ட்தான்.

ப்ளூம் 2017-ல் வந்தது. உருவாக்கியவர் ஆல்பர்ட்டோ மொரில்லாஸ். மூன்று பூக்கள்தான் அதன் முதுகெலும்பு: நிலச்சம்பங்கி, மல்லிகை, ரங்கூன் மல்லி. (ஓசூர் பூ மார்க்கெட்டில் கன்னடக்காரரிடம் சம்பிகே கேட்டால் செண்பகத்தை எடுத்து நீட்டுவார். நம் சம்பங்கிக்கு அவர் ஊரில் சுகந்தராஜா என்று பெயர். எல்லையில் வாழ்வதின் சின்னச் சின்ன லாபங்கள்.) மூன்றாவது பூவை, தென்னிந்தியாவில் கண்டெடுத்த அபூர்வம் என்ற தோரணையில் விளம்பரம் சொன்னது. காம்பவுண்டுச் சுவரில் படர்ந்து, துணி காயப்போடும் கம்பியையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் கொடியை யார் தொலைத்தார்கள், இவர்கள் கண்டெடுக்க?

அது போகட்டும், விளம்பரத்தோடு சண்டை போடுவது விமர்சனம் ஆகாது. என் குறை வேறு. ரங்கூன் மல்லி சாயங்காலம் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பு, அப்புறம் சிவப்பு. வெள்ளையாக இருக்கும் இரவில் அந்துப்பூச்சிகளை அழைக்க வாசத்தைக் கொட்டும். கதையும் திருப்பமும் உள்ள பூ. ப்ளூமோ காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே இருக்கிறது. முதல் பத்தியையே எட்டு மணி நேரம் வாசிப்பதுபோல. மங்கிய ரோஸ் நிறப் பாட்டில்கூட ஒரே நிறம்தான்.

ஆனால் அந்த முதல் பத்தி நன்றாக இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மல்லிகையில் இண்டோல் என்று ஒரு சேர்மம் உண்டு. தனியாக முகர்ந்தால் நாப்தலின் உருண்டை. கொஞ்சம் கூடினால் மலம். மல்லிகையை மல்லிகையாக்குவதில் அதற்கும் பங்குண்டு. ராத்திரி தலையில் வைத்துக் காலையில் எடுக்கும் சரத்தில் ஒரு புழுங்கிய, உடம்பு கலந்த வாசம் வருமே, அந்தப் பக்கம். 1966-ல் வந்த ஓ சாவாஜ் என்ற ஆண்களுக்கான பெர்ஃப்யூம், ஹெடியோன் என்ற செயற்கைப் பொருளைப் பிரபலமாக்கியது. மல்லிகையின் காற்றோட்டமான பாகம் மட்டும் வேண்டும், உடம்பு வேண்டாம் என்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். இன்று லைட் ஃப்ளோரல் என்று விற்பதில் பெரும்பகுதி அதன் தயவில் நிற்கிறது. ப்ளூம் அந்த வழியில் முழுசாகப் போகவில்லை. சம்பங்கியின் வெண்ணெய்த்தனம், லேசான அழுக்கு, இரண்டையும் மிச்சம் வைத்திருக்கிறது.

விளைவு, ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சொன்னாள்: “அக்கா, நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப ஹெவிக்கா. பூக்கடை மாதிரி.”

பூக்கடை மாதிரி இருப்பது எப்போது குறையானது? தருமபுரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். சுத்த அறைக்குள் பவுடர், சென்ட், பூ எதுவும் கூடாது. காரணம் நியாயம்தான், ஒரு துகள் விழுந்தால் பாகம் போச்சு. ஆனால் அந்த விதி அறைக்குள் நிற்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துகள் பிரச்சினையே கிடையாது. அங்கேயும் ‘மைல்டா இருங்க’ என்றார்கள். மைல்ட் என்றால் டியோடரன்ட் இருக்கலாம், மல்லிகைச் சரம் கூடாது. லைட் என்பது வாசனையின் அளவு இல்லை, யாருடைய வாசனை என்பது.

இதை ஓசூரைவிட நன்றாகத் தெரிந்த ஊர் இருக்க முடியாது. தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கம் பாலிஹவுஸ்களில் ரோஜா வளர்கிறது. தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம் காதலர் தினத்துக்காகப் பெட்டி பெட்டியாகப் போகும். ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஈரக் காகிதம். நீளக் காம்பு, நசுங்காத இதழ், வாடாமல் நிற்கும் நாட்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்ததில் கொய்மலர் ரகங்கள் பலவற்றில் வாசம் கழன்றுவிட்டது. ரோஜா வாசத்தின் முக்கியக் கூறான ஜெரானியாலை உருவாக்க உதவும் ஒரு நொதியை 2015-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். வாசமற்ற ரகங்களில் அது ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. யாரையும் தொந்தரவு செய்யாத பூவின் இறுதி வடிவம் இதுதான்.

ஒப்பிட, ப்ளூமின் தம்பியான அக்வா தி ஃபியோரியையும் (2018) போட்டேன். அண்ணனை மெலிய வைத்து, பச்சைக் காம்பு வாடை கூட்டியது. வசந்தத்துக்கென்றே பரிந்துரைப்பார்கள். யாருடைய வசந்தம்? பனி உருகும் ஊரில் இந்தப் பச்சை மெதுவாக எழும்பும். நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும். ஓசூர் கொஞ்சம் குளிர்ந்த ஊர் என்று பெயர், ஆனாலும் மார்ச்சில் வெயில் முப்பதைத் தாண்டிவிடுகிறது. வீட்டில் அடித்தது சிப்காட் ஸ்டாப் வருவதற்குள் ஆவி. சூட்டில் லைட் என்றால் இல்லை என்று அர்த்தம். அதே சூட்டில் ப்ளூம் பிழைத்துக்கிடக்கிறது, வியர்வையோடு சேர்ந்து கொஞ்சம் நம்மூர்ப் பூவாகவே மாறுகிறது.

மகத்தான படைப்பு இல்லை. அரை நாளுக்குப் பிறகு சோப்புத்தனம் வருகிறது, சொன்னதையே சொல்கிறது. ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் அண்ணனைத்தான் எடுப்பேன். மணிக்கட்டில் வேண்டாம், கீபோர்டு தேய்த்துவிடும். பின்கழுத்தில், சரம் தொங்கும் இடத்தில், சாயங்காலம் ஒரு ஸ்ப்ரே போதும். இரண்டு என்றால் எனக்கே ஹெவி.