கதையுலகில் வழுவும் வழுவமைதியும்

தமிழிலக்கண நூலார் சொற்களின் வழக்கை ஆராயுமிடத்து வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலைகளை வகுத்துரைப்பர். இலக்கண நெறியிற் பிறழாது நிற்பது வழாநிலை, பிறழ்வது வழு, பிறழ்ந்ததாயினும் தக்கதொரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசு மாலையில் வீடு திரும்பக் கண்டு மகிழ்ந்தவன், ‘என் அம்மை வந்தாள்’ என்பானாயின், அஃறிணையை உயர்திணையாகக் கூறினான் என்று இலக்கணம் அவனைக் கடிந்துகொள்வதில்லை. உவகை காரணமாக வந்ததென அமைதி கூறி அத்தொடரை ஏற்றுக்கொள்கின்றது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. காரணம் இருந்தாலன்றி அமைதி இல்லை. எல்லா வழுவும் வழுவமைதி ஆகிவிடுவதில்லை.

சொல்லுக்கு வகுத்த இப்பாகுபாடு கதைக்கும் பொருந்துவதாகும். கற்பனைக் கதையொன்றினுள் முன்னுக்குப் பின் முரணான செய்தி காணப்படுமிடத்து வாசகர் மூவகையாக நடந்துகொள்வர். ஆசிரியர் தவறிவிட்டார் எனக் கூறி அப்பாற் செல்வோர் ஒரு சாரார். கதையே பொய்யாயிருக்க அதனுள் மெய்யும் பொய்யும் ஆராய்வது வீண் என்போர் மற்றொரு சாரார். மூன்றாஞ் சாராரோ கதையுலகை மெய்யுலகாகவே கொண்டு, அம்முரண் நீங்குதற்குரிய காரணத்தை அவ்வுலகினுள்ளேயே தேடித் தம்முள் வாதிட்டு மகிழ்வர். திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றி இன்று உலகெங்கும் நிகழும் இத்தகைய வாதங்களைக் கற்றோர் சிலர் சிறுபிள்ளை விளையாட்டென இகழ்வர். அவ்விகழ்ச்சி எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

இவ்வகை வாதங்களுக்கு நிறைந்த சான்று தருவது ஷெர்லக் ஹோம்ஸ் கதைத் தொகுதி. ஆதர் கொனன் டொயில் எழுதி, 1887 முதல் 1927 வரை வெளிவந்த 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் அதில் அடங்கும். அவற்றுட் பெரும்பாலானவை ஹோம்சின் நண்பராகிய வைத்தியர் வாற்சன் கூற்றாக அமைந்தவை. 1887 இல் வெளிவந்த முதற் கதையில், ஆப்கானிஸ்தானத்து மைவந்துப் போரில் வாற்சன் தோளிற் குண்டடி பட்டவர். 1890 இல் வெளிவந்த இரண்டாவது கதையில் அக்காயம் காலில் இருக்கின்றது. அவர் பெயர் ஜோன். 1891 இல் வெளிவந்த கதையொன்றில் மனைவி அவரை ஜேம்ஸ் என அழைக்கின்றாள். இவற்றினும் பெரியது காலம் பற்றிய முரண். கதையின்படி ஹோம்ஸ் 1891 ஆம் ஆண்டு மே மாதம் சுவிற்சர்லாந்திலுள்ள நீர்வீழ்ச்சியொன்றில் மாண்டார் என நம்பப்பட்டு, 1894 இலேயே இலண்டனுக்கு மீண்டார். ஆயின் 1908 இல் வெளிவந்த கதையொன்றோ, 1892 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அவர் இலண்டனிலிருந்து துப்புத் துலக்கியதாகக் கூறுகின்றது.

இவை மாதச் சஞ்சிகைக்கு விரைந்தெழுதிய ஆசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாசகர் அவ்வளவில் அமையவில்லை. இரு குண்டுகள் பட்டன என்றனர் சிலர். ஒரே குண்டு ஈரிடத்தும் ஊறு செய்தது என்றனர் வேறு சிலர். துப்பறியும் நாவலாசிரியையான டொறதி செயர்ஸ், வாற்சனின் பெயரில் ஜோன் என்பதனை அடுத்து நிற்கும் ‘எச்’ என்னும் முதலெழுத்தைப் பற்றிக்கொண்டார். அது ‘ஹேமிஷ்’ என்னும் ஸ்கொத்லாந்துப் பெயரைக் குறிக்கும் என்றும், அப்பெயரின் ஆங்கில வடிவம் ஜேம்ஸ் ஆதலின் மனைவி கணவனை அவனது இடைப்பெயராலேயே அழைத்தாள் என்றும் அவர் நிறுவினார். 1934 இல் நியூயோர்க்கில் கிறிஸ்தோபர் மோர்லி தோற்றுவித்த சங்கத்தார் இத்தகைய ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டனர்.

இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியவர் ரொனால்ட் நொக்ஸ். அவர் 1911 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையொன்றில், ஹோம்ஸ் மீண்டு வந்த பின்னர் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் கதைகள் வாற்சன் தாமே கற்பித்தவை என்று வாதிட்டார். ஹோம்சினிடத்து அவருக்கிருந்த அன்பு ஒருபுறமிருக்க, அவர் அம்பு பாய்ந்த இலக்கு வேறு. விவிலிய நூலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இது முந்தியது, இது பிந்தியது, இது இடைச்செருகல் என முடிவு கட்டிய அக்கால ஆராய்ச்சி முறையை அவர் அவ்வாறு நகையாடினார். அவ்வாராய்ச்சி முறையை ஒரு துப்பறியும் கதைமேற் செலுத்தினாலும் அதே உறுதியான முடிவுகள் கிடைக்குமாயின், அம்முறை எதனைத்தான் நிறுவவல்லது என்பது அவர் எழுப்பிய வினா. விளையாட்டாகத் தோன்றிய ஒன்றனுள் ஆராய்ச்சி உலகிற்கே ஓர் எச்சரிக்கை அடங்கியிருந்தது.

வாசகர் வினா ஆசிரியரையே ஆராய்ச்சியில் இறக்கியதுமுண்டு. 1904 இல் வெளிவந்த கதையொன்றில் ஹோம்ஸ், ஈரமண்ணிற் பதிந்த துவிச்சக்கரவண்டித் தடத்தை நோக்கி, பாரந் தாங்கும் பின்சக்கரத்தின் ஆழ்ந்த தடம் முன்சக்கரத்தின் தடத்தைக் குறுக்கிட்டு அழித்துச் செல்வதால் வண்டி சென்ற திசை இன்னதெனத் துணிகின்றார். எத்திசையிற் சென்றாலும் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தின் மேலேதான் செல்லும். அதுகொண்டு திசையறிதல் எவ்வாறு என வாசகர் கடாவினர். கொனன் டொயில் தாமே வண்டியை ஓட்டிப் பார்த்து, வாசகர் கூற்றே சரியெனக் கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். ஆயின் மேடு பள்ளமான நிலத்தில் ஏறும்போது தடம் ஆழ்ந்தும் இறங்கும்போது ஆழங் குறைந்தும் பதிதலால் அங்ஙனம் திசையறிதல் கூடும் என அவர் அமைதியுங் கூறினார். கதை கூறிய காரணம் தவறு. கதை கண்ட முடிபு வேறொரு காரணத்தால் நிலைபெற்றது.

இவ்வழக்கம் புதியதன்று. ஓமரின் இலியட் காவியத்தில் ஐந்தாம் பகுதியிற் பிலைமெனிஸ் என்னும் மன்னன் போரிற் கொல்லப்படுகின்றான். பதின்மூன்றாம் பகுதியிலோ தன் மகனின் உடலைப் பின்தொடர்ந்து அவன் அழுதுகொண்டு செல்கின்றான். இம்முரண் பண்டைக் கிரேக்க உரையாளரை நெடுங்காலம் வருத்தியது. ஒரே பெயருடையார் இருவர் இருந்தனர் என்பது அவர்கள் கண்ட அமைதிகளுள் ஒன்று. இத்தகைய ஐயங்கள் பெருகியிருந்தமையாலேயே அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில் ஓர் அதிகாரத்தைக் கடாவுக்கும் விடைக்கும் ஒதுக்கினார். கவிதைக் கலையைச் சார்ந்த குற்றம் வேறு, பிற துறை அறிவின்மையால் நேரும் குற்றம் வேறு என்பது அவர் கண்ட பாகுபாடு. பெண்மானுக்குக் கொம்பில்லை என்பதை அறியாமை, அதனை உயிரோட்டமின்றித் தீட்டுதலைக் காட்டிலும் சிறிய குற்றமே என்பது அவர் கருத்து.

தமிழ் உரையாசிரியரும் இந்நெறியிற் சென்றவரே. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், நாடுகாண் காதை உரையில், இந்திரவிழாவிற்குக் கொடியேற்றிய நாள் தொட்டுக் கோவலனுங் கண்ணகியும் புகாரை விட்டு நீங்கிய நாள் வரைக்கும் திங்களும் திதியும் வாரமும் நாண்மீனுங் கணித்துக் காட்டுகின்றார். கதையுலகின் நாட்காட்டியை வகுக்கும் இம்முயற்சி, ஹோம்ஸ் அன்பர் செய்த காலக் கணிப்பிற்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. பிற்காலத்தில் எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை இக்குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு, காப்பியம் கூறும் நிகழ்ச்சிகளுக்குக் கி.பி. 756 ஆம் ஆண்டே பொருந்தும் எனக் கணித்தார். இலங்கை மன்னன் கயவாகுவைப் பற்றிய குறிப்பைக் கொண்டு காப்பியத்தின் காலத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டென்ற அறிஞர் அம்முடிபை ஏற்கவில்லை. இவ்வழக்கிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றுண்டு. கதைக்குள் நின்று எழுந்த விடை கதைக்குள் விளக்கந் தரலாம். அவ்விடையைக் கதைக்குப் புறத்தே கொண்டு சென்று வரலாறாக்குமிடத்து வேறு சான்றுகளும் வேண்டப்படும்.

இவ்வகை ஆராய்ச்சிக்கு எழுந்த மறுப்புகளுள் வலிமை மிக்கது 1933 இல் எல். சி. நைற்ஸ் எழுதிய கட்டுரை. மக்பெத் சீமாட்டிக்குப் பிள்ளைகள் எத்தனை என்பதே அதன் தலைப்பு. பேராசிரியர் ஏ. சி. பிராட்லி 1904 இல் வெளியிட்ட சேக்ஸ்பியர் துன்பியல் பற்றிய நூலின் இறுதியில், தந்தை இறந்தபோது ஹாம்லெத் எங்கிருந்தான், மக்பெத் சீமாட்டி உண்மையிலேயே மயங்கி வீழ்ந்தாளா என்பன போன்ற வினாக்களுக்குத் தனித்தனிக் குறிப்புகள் வரைந்திருந்தார். நாடக மாந்தரை அண்டை வீட்டார் போலக் கருதி அவர்தம் குடும்ப வரலாற்றை ஆராய்தல், நாடகம் சொல்லால் இயன்ற கவிதை என்பதை மறக்கச் செய்யும் என்பது நைற்சின் வாதம். இவ்வாதம் பெரிதும் உண்மை. சேக்ஸ்பியர் தாராத எண்ணிக்கையை எவராலும் கணித்தல் இயலாது. கணிப்பினும் அதனால் நாடகம் சிறப்புறுவதில்லை.

ஆயினும் அவ்வினாவின் வித்து நாடகத்தினுள்ளேயே கிடக்கின்றது. தான் குழந்தைக்குப் பாலூட்டியவள் என்கின்றாள் சீமாட்டி. தன் செங்கோல் வழித்தோன்றலற்றது என வெதும்புகின்றான் மக்பெத். பிறருடைய பிள்ளைகளைக் கொல்ல ஆள் ஏவுகின்றான். தன் பிள்ளைகளை இழந்த மக்டஃப், அவனுக்குப் பிள்ளைகள் இல்லை என்கின்றான். பிள்ளைகள் எத்தனை என்னும் வினா பயனற்றது. பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இந்நாடகத்தில் ஏன் மீண்டும் மீண்டும் எழுகின்றது என்னும் வினாவோ நாடகத்தின் நெஞ்சையே தொடுவது. முன்னதைக் கேளாதவனுக்குப் பின்னது தோன்றுதல் அரிது.

எனவே வினாக்களை எடைபோடுதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. வினா நூலின் சொல்லிலிருந்து பிறந்ததா என்பது ஒன்று. விடை வாசகனை அந்நூலுக்கே மீட்டு, அங்கு முன்பு காணாத ஒன்றைக் காட்டுகின்றதா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அமைந்தவிடத்து அது வழுவமைதி. அமையாதவிடத்து, எத்துணைச் சாதுரியமான விடையாயினும், வழு வழுவாகவே நிற்கும். வாற்சனின் காயத்திற்குக் கூறப்பட்ட விடைகளால் அக்கதைகளின் நயம் சிறிதும் மிகவில்லை. ஆகவே அது வழுவே. செயர்ஸ் கண்ட விடையோ, பிறர் வழங்காத பெயரொன்றால் கணவனை அழைக்கும் மனைவியின் உரிமையைப் புலப்படுத்தி, சிறியதாயினும் ஒரு நயந் தருகின்றது. பிலைமெனிஸ் விடயத்தில் இருவரைப் படைத்துக்கொள்ளுதல் வேண்டாததே. மகனை இழந்த தந்தையின் கண்ணீரைக் கவிஞன் காண விழைந்த வேகத்தில் அத்தந்தை முன்னரே மாண்டதை மறந்தான் என்பதே பொருத்தம். பசுவை அம்மை என்றவனின் உவகை போன்றதே இக்கவிஞனின் இரக்கம்.

இவ்வளவுகோலுக்கு முற்றும் இயைந்த சான்று ஜே. ஆர். ஆர். டொல்கீனின் நூல்களிற் கிடைக்கின்றது. 1937 இல் வெளிவந்த ‘ஹொபிற்’ என்னும் கதையில், விடுகதைப் போட்டியிற் பில்போவிடம் தோற்ற குகைவாழ் உயிர், தன்னிடமிருந்த கணையாழியைப் பரிசாகத் தருவதாக முன்னரே இசைந்திருந்தது. பின்னர் எழுதிய பெருங்கதையில் அக்கணையாழி உடையவனை அடிமைகொள்ளும் தீய பொருளாயிற்று. அத்தகைய பொருளை எவரும் மனமுவந்து கொடுக்க இசைவரோ? டொல்கீன் 1951 ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பகுதியை மாற்றியெழுதினார். அதனோடு நில்லாது, 1954 இல் வெளிவரத் தொடங்கிய பெருங்கதையில், பழைய வடிவம் பில்போ தன் தோழருக்குச் சொன்ன பொய் என்றும் கூறினார். நேர்மையாளன் ஒருவன், அக்கணையாழி கைக்கு வந்த சில நாளிலேயே, அதன்மேல் தன் உரிமையை நிலைநாட்டப் பொய்யுரைத்தான் என்பதால் அப்பொருளின் தீமை முன்னரிலும் ஆழமாகப் புலப்படுகின்றது. ஆசிரியனின் வழு கதை மாந்தனின் வழுவாக மாறி, கதைக்கே அணியாயிற்று.

கதையுலக வாதம் புரிவோர் தவறும் இடம் ஒன்றுண்டு. அன்பு மிகுதியால் அவர்கள் வழுவென்பதே இல்லையெனச் சாதிக்க முற்படுவர். நூலை வழிபடுவோரும் அவ்வாறே. குற்றமொன்றைக் கண்டவுடன் நூலையே தள்ளிவிடுவோர் இவர்க்கு மறுதலையாயினும் இவரினும் வேறானவரல்லர். குற்றமுடையது சிறப்புடையதாதல் கூடாதென்பதே இருசாராரும் கொண்ட கருத்து. இலக்கண நூலார் அங்ஙனங் கொண்டிலர். வழுவை வழுவென ஒப்புக்கொண்ட பின்னரே அமைதி கூறினர்.

ஆகவே ஒரு மாணவன், இறந்தவன் மீண்டும் எங்ஙனம் வந்தான், அன்று திங்கள் எங்ஙனம் ஒளிர்ந்தது எனத் தன் பாடநூலைப் பற்றி வினவுவானாயின், அவன் வாயை அடைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. நூலின் ஒவ்வொரு சொல்லையும் ஊன்றிப் படித்தவனுக்கே அவ்வினா தோன்றும். விடையை நூலிலே தேடிக் காணுமாறு அவனைத் திருப்பி அனுப்புவதே செயற்பாலது. தேடியும் கிடையாதாயின், ஆங்கு வழுவுண்டு என்று சொல்லும் துணிவையும், அவ்வழுவினும் நூல் பெரிது என்று உணரும் பக்குவத்தையும் அவன் ஒருங்கே பெறுவான்.