வறுமையின் மகன்

வில்லும் அம்பும் ஏந்திய சிறகு முளைத்த குழந்தையாகவே கிரேக்கரின் காதற் கடவுளாகிய எரோஸை ஓவியங்கள் நமக்கு அறிமுகம் செய்துள்ளன. ஆனால் கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியோட் தெய்வங்களின் பிறப்பைப் பாடிய காவியத்தில் எரோஸ் குழந்தையல்லன். வெறும்பாழும் நிலமகளும் தோன்றியதை அடுத்து, உலகின் தொடக்கத்திலேயே தோன்றியவன். தேவர், மாந்தர் எவருடைய அறிவையும் வெல்லும் ஆற்றலன்.

முதியோனா, இளையோனா என்னும் இவ்வினாவைப் பிளேட்டோ தம் 'விருந்து' என்னும் உரையாடலில் எழுப்புகிறார். நாடகப் போட்டியில் வென்ற அகத்தோனின் இல்லத்தில், கி.மு. 416-இல் நிகழ்வதாக அமைந்த விருந்து அது. ஃபைட்ரஸ் எரோஸை மூத்த தெய்வம் என்கிறான். அகத்தோனோ, இளையோன், பேரழகன் என்கிறான். சாக்ரடீஸ் வேறு வழி செல்கிறார். நம்மிடம் இல்லாததையே நாம் நாடுகிறோம். அழகை நாடும் எரோஸ் அழகனாயிருப்பது எங்ஙனம்? தியோதிமா என்னும் பெண்மணியிடம் தாம் கேட்டதாக ஒரு கதையும் சொல்கிறார். அஃப்ரோதீத்தே பிறந்த நாள் விருந்தில் இரந்து நின்ற வறுமை, அமுதுண்டு மயங்கி உறங்கிய வளத்தைக் கூடிப் பெற்ற மகனே எரோஸ். வெறுங்காலன், வீடற்றவன், வாயிற்படிகளில் துயில்பவன். கடவுளுமல்லன், மனிதனுமல்லன், இடையே நிற்பவன்.

இதனையடுத்து வரும் ஏணியில்தான் நமக்குத் தயக்கம் எழுகிறது. ஓர் அழகிய உடலில் தொடங்கும் காதல், பிற உடல்கள், உள்ளங்கள், அறிவு எனப் படிப்படியாக உயர்ந்து, அழகு என்னும் மெய்ப்பொருளையே காண்கிறது. அவ்வாறாயின், முதலில் நேசிக்கப்பட்டவர் என்னவானார்? ஏறி மிதிக்கும் படிதானா அவர்? தனி மனிதர் இங்கே தமக்காகவே நேசிக்கப்படவில்லை என்று 1973-இல் கிரெகரி விலாஸ்தோஸ் எழுப்பிய குறை எளிதில் தள்ளத்தக்கதன்று.

எனினும் பிளேட்டோ நூலை ஏணியின் உச்சியில் முடிக்கவில்லை. கதவு தட்டப்படுகிறது, குடிமயக்கத்தோடு அல்சிபியாடிஸ் நுழைகிறான். அழகைப் பற்றிய தத்துவம் எதுவும் அவனிடம் இல்லை. சாக்ரடீஸ் என்னும் ஒரே மனிதரைப் பற்றி, அவரை நாடித் தோற்ற தன் நாணத்தையும் மறைக்காமல் பேசுகிறான். அழகும் செல்வமும் புகழும் பெற்றிருந்த அவனே இங்கு இரவலனாகி நிற்கிறான். தியோதிமாவின் கதையில் வாயிலில் நின்ற வறுமையை நாம் மீண்டும் காண்பது இங்கேதான். ஏணியை ஏற்றுக்கொள்வோரும் அந்தக் கதவொலியைக் கேளாது நூலை மூடிவிடலாகாது.