இப்லீசும் சாத்தானும்: பணிய மறுத்தவனும் பணியக் கேட்டவனும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஊழியம் செய்யும் போதகர் எவரும் இஸ்லாமிய அயலாரை அறியாதிருக்க இயலாது. தோல் ஷாப்புகளிலும் கடைத்தெருவிலும் இரு சமயத்தாரும் கலந்தே வாழ்கின்றனர். அவர்கள் ‘ஷைத்தான்’ என்கின்றனர். நாம் ‘சாத்தான்’ என்கிறோம். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று நம் பிரசங்கிகளில் ஒரு சாரார் எளிதாக முடிவு கட்டிவிடுகின்றனர். வேறு சிலரோ குர்ஆனின் வரலாற்றையே எள்ளி நகையாடுகின்றனர். இரண்டுமே ஆராயாமல் பேசும் பேச்சு.

குர்ஆன் 7-ஆம் அதிகாரம் கூறுவது இது: ஆதாமைப் படைத்த இறைவன், அவனுக்குச் சிரம் பணியுமாறு வானவர்க்குக் கட்டளையிடுகிறான். இப்லீசு மட்டும் மறுக்கிறான். தான் நெருப்பினால் ஆனவன், ஆதாமோ களிமண்ணால் ஆனவன் என்பதே அவன் காட்டும் காரணம். “மனிதனை வணங்கும்படி கடவுள் கட்டளையிடுவாரோ?” என நம்மவர் கேட்பதுண்டு. அது வழிபாடன்று, இறைவன் சொற்படி செய்யும் மரியாதை என்றே இஸ்லாமிய உரையாசிரியர்கள் விளக்கியுள்ளனர். மேலும், இதையொத்த கதை ‘ஆதாம் ஏவாள் வாழ்க்கை’ என்னும் பழைய தள்ளுபடி ஆகமத்திலும் உண்டு. கிறிஸ்தவர்களே அதனைப் பல நூற்றாண்டுகள் படித்துவந்தனர். நகைப்பவர்கள் இதனை அறிதல் நலம்.

நம் திருமறையில் சாத்தானின் வீழ்ச்சிக்கு இத்தகைய தொடர்ச்சியான வரலாறு இல்லை. ஏசாயா 14 பாபிலோன் அரசனைப் பற்றியது; ஆதியாகமம் 3 பாம்பை மட்டுமே பெயர் சொல்லுகிறது. யோபுவின் புத்தகத்தில் அவன் தேவசமுகத்தில் குற்றஞ்சாட்டுபவனாக நிற்கிறான். சுவிசேஷத்திலோ காட்சி தலைகீழாகிறது. மத்தேயு 4-இல் அவன் உலக ராஜ்யங்களைக் காட்டி, மனுஷகுமாரன் தன்னைப் பணியவேண்டுமென்று கேட்கிறான். அங்கே மனிதன்முன் பணிய மறுத்தவன். இங்கே மனிதனைத் தன்முன் பணியக் கேட்பவன். என் கருத்தில் ஒப்புமையின் உயிர்நிலை இதுவே.

அதிகாரத்தைக் குறித்தும் வேறுபாடு உண்டு. குர்ஆன் 14:22-இல், நியாயத்தீர்ப்பு நாளில் ஷைத்தான் தனக்கு எவர்மேலும் அதிகாரம் இருந்ததில்லை என்றும், தான் அழைத்தது மட்டுமே உண்டு என்றும் சொல்லித் தன்னைப் பின்பற்றினோரைக் கைவிடுகிறான். ஆகவே பொறுப்பு முழுவதும் மனிதன்மேல் விழுகிறது. இஸ்லாம் பாவத்தை இலேசாக எண்ணுகிறது என்பார்க்கு இதுவே மறுமொழி. நமக்கோ எபிரெயர் 2:14 மரணத்தின் அதிகாரியையும் அவனை வென்ற மீட்பரையும் கூறுகிறது. இந்த மீட்பின் செய்தியை விட்டுக்கொடுத்து ஒற்றுமை பேசுதல் இரு சமயத்தார்க்கும் செய்யும் அநீதி.

ஆயினும் இப்லீசின் வாதத்தை நம் சபை வேறொரு காரணத்திற்காகவும் கேட்கவேண்டும். ஆக்கப்பட்ட பொருளால் நான் உயர்ந்தவன் என்பதன்றோ அவன் பேச்சு? பிறப்பால் நான் உயர்ந்தவன் என்னும் பேச்சு அதினின்று எவ்வளவு தூரம்? 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு ஒழியவேண்டுமென எழுதியபோது தஞ்சை முதலிய இடங்களில் எத்தனை எதிர்ப்பு! தோலைத் தொட்ட கையைத் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயத்தில், அந்தக் கைகளே நம் ஆலயங்கள் பலவற்றில் நற்கருணைக்கு நீட்டப்படுகின்றன. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-இல் நிறுவப்பட்ட ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்கிறது. அங்குள்ள அறிஞரோடு அமர்ந்து குர்ஆனின் 7-ஆம் அதிகாரத்தை வாசிக்க விரும்பும் நம் மாணவர், போகுமுன் பிலிப்பியர் 2-ஐயும் ஒருமுறை வாசித்துச் செல்லட்டும்.