பரங்கி இறக்கும் பருவம்

ஐப்பசியில் தஞ்சாவூர்ப் பக்கம் வருகிறவர்கள் சம்பா வயலின் பச்சையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படியே வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கமும் போய்ப் பாருங்கள். ஆடியில் ஊன்றிய விதைகள் அங்கே காய்த்துக் கிடக்கும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை வெயிலை நம்ப முடியாது. கொத்தவரை வற்றலும் மோர்மிளகாயும் மாசி, பங்குனிக்குத்தான். ஆகவே மழைக்காலச் சேமிப்புக்குத் தோல் கெட்டியான காய்களே கதி. அவற்றில் பரங்கிக்கும் பூசணிக்கும்தான் முதல் மரியாதை.

பரங்கியில் முதலில் பார்க்கவேண்டியது காம்பை. காய் முற்ற முற்றப் பச்சைக் காம்பு வெளுத்து, கட்டை தட்டி, கோடுகோடாக வெடிக்கும். பக்கத்துப் பற்றுக்கம்பி காய்ந்து சுருளும். தோல் பளபளப்பு இழந்து மங்கும், நகம் இறங்காது. இளங்காயில் இந்த நகச் சோதனை வேண்டாம், கீறின இடத்திலேயே அழுகல் பிடிக்கும். அறுக்கும்போது நாலு விரல் காம்பு விடுங்கள். காம்பு பிய்ந்தால் அந்த வாய் வழியாகவே காய் கெடும். காம்பைப் பிடித்துத் தூக்குகிறவரைக் கொல்லைப்பக்கமே விடக்கூடாது என்பது என் கட்சி.

பூசணியின் அழகு அதன் சாம்பல். இளங்காயில் சுணை இருக்கும். முற்றும்போது அது உதிர்ந்து, தொட்டால் விரலில் ஒட்டும் வெண்பூச்சு படரும். அது தூசியில்லை, மெழுகு. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். பளிச்சென்று இருக்கட்டும் என்று துடைத்து வைப்பவர்கள் காயின் ஆயுளைத்தான் துடைக்கிறார்கள்.

மழை விட்டுத் தோல் உலர்ந்த பிறகு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நாள்பட இருந்தால் முழுப் பரங்கி கெட்டுப்போகும்.

கொடி அவரையைச் சேமிக்க நினைக்காதீர்கள். பகல் குறுகினால்தான் நாட்டு அவரை பூக்கும். பனிக்காலத்தில் பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். பரங்கி இதற்கு நேர்மாறு. முற்றின காயைச் சில வாரம் கிடக்கவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பு கூடும். பால் கூட்டுக்குப் பிஞ்சு, புளி சேர்ந்த குழம்புக்கு முற்றல். மார்கழித் திருவாதிரைக் களிக்குச் செய்யும் ஏழு கறிக் கூட்டில், கிடந்து முற்றின பரங்கித் துண்டை ஒருமுறை தனியாக எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கோலத்துக்குப் பரங்கிப் பூப் பறிக்கிறவர்கள் நீளக் காம்புள்ள ஆண் பூவைப் பறியுங்கள். அடியில் குட்டிக் காய் தெரிவது பெண் பூ, அதை விட்டுவிடுங்கள். ஆண் பூவிலும் நாலைந்தைத் தேனீக்கு விட்டால்தான் காய் பிடிக்கும்.

கொல்லை இல்லாதவர்கள் கடையில் முழுப் பரங்கி வாங்கும்போது காம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.